இரண்டு மொழி கலந்து பேசும் குழந்தை: வீட்டில் தமிழை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு நான்கரை வயது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். ஆனால் அவள் இரண்டையும் கலந்துதான் பேசுகிறாள். நேற்றுகூட, "பால் கப்ல இல்ல, டேபிள்ல ஸ்பில் ஆயிடுச்சு" என்றாள். குழப்பம் தீர வேண்டுமானால் வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்கிறார் வகுப்பு ஆசிரியை. அப்படிச் செய்யலாமா? ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல் ஒன்றை இப்போதே தொடங்கினால் உதவுமா?

பதில்: வீட்டு மொழியை மாற்ற வேண்டாம். இலக்கண நூலும் இப்போதைக்கு வேண்டாம். இரண்டுக்கும் காரணம் நீங்கள் எழுதியனுப்பிய அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது.

அதில் ஆங்கிலச் சொற்கள் மூன்று: கப், டேபிள், ஸ்பில். அவற்றைத் தாங்கி நிற்கும் கட்டமைப்பு முழுவதும் தமிழ். ஆங்கிலத்தில் இடத்தைக் குறிக்கும் 'இன்', 'ஆன்' போன்ற சொற்கள் பெயருக்கு முன்னால் வரும். உங்கள் மகளோ தமிழ் முறைப்படி 'ல' என்ற உருபைப் பெயருக்குப் பின்னால் சேர்த்திருக்கிறாள். ஆங்கில வினையில் தமிழ் விகுதியை நேரடியாக ஒட்டி "ஸ்பில்லுச்சு" என்று அவள் சொல்லவில்லை. 'ஆகு' என்ற துணைவினையைக் கொண்டுவந்து, காலத்தையும் விகுதியையும் அதன்மேல் ஏற்றியிருக்கிறாள். ஒரு மொழி சட்டகத்தைத் தர, இன்னொரு மொழி சொற்களைத் தரும் இந்த ஒழுங்கைத்தான் மொழியியலாளர் கரோல் மையர்ஸ்-ஸ்காட்டன் 1993-இல் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். இரு மொழிகளின் இலக்கணமும் கைவசம் இல்லாத குழந்தையால் இவ்வளவு சுத்தமாகக் கலக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "ஸ்பில் பண்ணிட்டேன்" என்று சொல்லியிருந்தால் கொட்டியது யார் என்பது தெரிந்துவிடும். 'ஆயிடுச்சு' என்றதால் பால் தானாகக் கொட்டியதாகிவிட்டது. ஆங்கிலத்தில் 'ஸ்பில்' என்ற ஒரே வினை இரண்டு பொருளுக்கும் பொருந்தும். அங்கே எழுவாயை மாற்றினால் போதும். தமிழிலோ 'உடைந்தது', 'உடைத்தேன்' என்பதுபோல வினையிலேயே வேறுபாடு தெரிகிறது. கடன் வாங்கிய வினை என்றால் 'ஆகு', 'பண்ணு' என்ற துணைவினைகள் அந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் மகள் இலக்கணத்தின் துணையோடு குற்றவாளியை மறைத்திருக்கிறாள். இதைக் குழப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியையின் அச்சம் புதிதல்ல. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் சேயர் என்ற ஆய்வாளர் 1923-இல் வெளியிட்ட ஆய்வு, இருமொழிக் குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்குவதாகச் சொன்னது. ஆனால் குடும்பச் சூழல் வேறுபாடுகளை அது சரிவரக் கணக்கில் எடுக்கவில்லை. அவற்றைச் சீர்செய்து 1962-இல் கனடாவின் மாண்ட்ரியலில் உளவியலாளர்கள் பீலும் லாம்பர்ட்டும் செய்த ஆய்வில் முடிவு தலைகீழானது. தொடக்கத்தில் குழந்தையின் மனத்தில் ஒரே கலவை மொழிதான் இருக்கிறது என்ற கருத்து 1978-இல் வலுப்பெற்றது. 1989-இல் உளவியலாளர் ஃப்ரெட் ஜெனிசி அதன் சான்றுகளை மறுபரிசீலனை செய்து, மிகச் சிறிய வயதிலேயே குழந்தைகள் இரு மொழிகளையும் பிரித்தறிந்து, கேட்பவருக்கு ஏற்பப் பயன்படுத்துகிறார்கள் என்று வாதிட்டார். பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றன.

வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறினால் என்ன ஆகும்? சுற்றியுள்ள பள்ளியும் தோழமையும் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ளும். தமிழுக்குத்தான் வேறு இடம் இருக்காது. பெல்ஜியத்தில் டச்சு மொழி பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களிடம் மொழியியலாளர் அன்னிக் டி ஹவர் திரட்டிய தகவலில், பள்ளி மொழியைப் பேசாத குழந்தை என்பது பிரச்சினையாகவே இல்லை. வீட்டு மொழியைப் பேசாமல் போன குழந்தைகள்தான் கணிசமாக இருந்தார்கள். பெற்றோர் இருவரும் வீட்டு மொழியைப் பேசிய குடும்பங்களில் அது நிலைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 'ஒருவருக்கு ஒரு மொழி' என்று தாயும் தந்தையும் பிரித்துக்கொள்ளும் முறை, 1913-இல் பிரெஞ்சு மொழியியலாளர் ரோன்ஷா தன் மகனை வளர்த்த அனுபவத்தை நூலாக்கியதிலிருந்து புகழ்பெற்றது. நல்ல முறைதான், ஆனால் அது கட்டாயமுமல்ல, அதுமட்டும் போதுமானதுமல்ல.

எத்தனை மணி நேரம் எந்த மொழி என்று கணக்கிடுவதைவிட, எந்த வேலைக்கு எந்த மொழி என்று பாருங்கள். மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே தன் மகன் பேசத் தொடங்கிய காலத்தைப் பதிவுசெய்து 1975-இல் வெளியிட்ட நூலில், மொழி கற்பது என்பதே அதைக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று கற்பதுதான் என்று காட்டினார்: வேண்டியதைக் கேட்பது, பிறரை ஏவுவது, உறவாடுவது, தன்னை வெளிப்படுத்துவது, கேள்வி கேட்டு அறிவது, கற்பனை செய்வது, மற்றவருக்குத் தெரியாததைச் சொல்வது இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது. பல வீடுகளில் தமிழ் "சாப்பிடு", "தூங்கு", "வா" என்ற ஏவலோடு நின்றுவிடுகிறது. கதை, விளக்கம், விளையாட்டு எல்லாம் ஆங்கிலத்துக்குப் போகின்றன. அப்படியானால் குழந்தைக்குத் தமிழில் ஏவலுக்கு மேல் வேறு சொற்கள் தேவைப்படாது. ஆகவே பள்ளியில் நடந்ததைத் தமிழில் சொல்ல வையுங்கள், பொம்மைகளைத் தமிழில் பேச விடுங்கள், "ஏன் மழை பெய்யுது?" என்றால் தமிழிலேயே முழுதாக விளக்குங்கள்.

அவள் கலந்து பேசும்போது திருத்த வேண்டாம். புரியாததுபோல நடிப்பதும் பயன்படாது, உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். "அடடா, மேசையில சிந்திடுச்சா? யார் சிந்தினது?" என்று அதே பொருளை இயல்பான தமிழில் திருப்பிக் கேட்டுப் பேச்சைத் தொடருங்கள், பதிலில் அந்தச் சொல் வரலாம், வராமலும் போகலாம்.

இலக்கண நூலைப் பொறுத்தவரை, பெயர்ச்சொல்லுக்கு அடிக்கோடிடும் பயிற்சி இந்த வயதில் பேச்சை வளர்க்காது. ஹாலிடேயின் செயல்பாட்டு இலக்கணம் வாக்கியத்தைப் பொருளைத் தெரிவுசெய்யும் இடமாகப் பார்க்கிறது. 'ஐ ஸ்பில்ட் தி மில்க்', 'தி மில்க் ஸ்பில்ட்' இரண்டும் சரியான ஆங்கிலமே. முதலாவதில் செய்தவர் இருக்கிறார், இரண்டாவதில் இல்லை. எட்டு ஒன்பது வயதில் இத்தகைய இணைகளை அருகருகே வைத்து "இதில் யார் செய்தார் என்று தெரிகிறதா?" என்று கேட்டால், பயிற்சி நூல் பல பக்கங்களில் சொல்வது ஐந்து நிமிடத்தில் பிடிபடும். அதற்குத் தமிழ் அறிவு தடையல்ல. 'ஆயிடுச்சு', 'பண்ணிட்டேன்' வேறுபாடு ஏற்கெனவே அவள் கையில் இருக்கிறது.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதது, தெரிந்த சொல்லை இழப்பது, எந்த மொழியில் சொன்னாலும் புரியாதது ஆகியவை இருமொழிச் சூழலால் வருபவை அல்ல. உங்கள் மகளிடம் அவை தெரியவில்லை. என்றாவது ஐயம் எழுந்தால், முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும்படி கேளுங்கள்.