டெல்ஃபின் செரிக், கடிதம்

அன்புள்ள சார்,

2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழின் வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படமாக முதலிடம் பிடித்தது என்பதால் 'ழான் டீல்மன்' பார்க்க உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. அந்த அம்மா உருளைக்கிழங்கு வேகவைக்கிறார், பாத்திரம் கழுவுகிறார், அறைக்கு அறை விளக்கை அணைக்கிறார். முகத்தில் ஒன்றுமே இல்லை. டெல்ஃபின் செரிக் பெரிய நடிகை என்று எழுதியிருந்தீர்கள். இதில் நடிப்பு எங்கே? எந்த இல்லத்தரசியை வைத்தும் இதை எடுத்திருக்கலாமே?

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் கடைசிக் கேள்விக்கு இயக்குநர் சாந்தால் ஆக்கர்மனே பதில் சொல்லியிருக்கிறார். பாத்திரம் கழுவுகிற பெண்கள் நம் கண்ணெதிரே இருந்தும் நாம் அவர்களைக் கவனிப்பதில்லை, அதனால் அந்த வேலை செய்து யாருமே பார்த்திராத ஒருவர்தான் வேண்டும் என்றார். 1975இல் பிரெஞ்சு ரசிகர்களுக்கு அப்படிப்பட்ட ஒருவர் என்றால் அது செரிக்தான்.

ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1932இல் பெய்ரூட்டில் பிறந்தவர், அப்பா தொல்லியல் அறிஞர். நியூயார்க்கில் ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்ற நடிப்புப் பயிற்சிக்கூடத்தில் பயின்றார். 1961இல் பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனேயின் 'மரியன்பாதில் கடந்த ஆண்டு' வந்ததும் பெயர் உலகெங்கும் பரவிவிட்டது. ஷனேல் உடைகளில், ஒரு மாளிகையின் முடிவில்லாத தாழ்வாரங்களில் நிற்கும் பெயரற்ற பெண், அப்புறம் அந்தக் குரல், கொஞ்சம் கரகரப்பாக, இழுத்து இழுத்து, எதைச் சொன்னாலும் ஏதோ ரகசியம் போலக் கேட்கும் குரல். இன்னொரு நடிகையாக இருந்தால் அந்த மாயத்தை வைத்தே காலம் தள்ளியிருப்பார். இவரோ இரண்டே வருடத்தில் அதே ரெனேயின் 'மூரியல்' படத்தில், தனக்கு முப்பத்தொன்றுதான் ஆகியிருந்தும், நாற்பதைத் தாண்டிய, சூதாட்டத்தை விட முடியாத, வீட்டிலேயே பழம்பொருள் விற்கும் விதவையாக நடித்தார். வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. என்னைக் கேட்டால் அவர் யார் என்பது முதலில் தெரிந்த இடம் அதுதான், மரியன்பாத் அல்ல.

1968இல் இன்னொரு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் 'திருட்டு முத்தங்கள்'. செருப்புக் கடை முதலாளியின் மனைவியாக வருகிறார், கடையில் வேலை பார்க்கும் இளைஞன் அவரை ஏதோ தேவதைக் காட்சி போல நினைத்து உருகுகிறான். ஒரு காலை அவரே அவன் அறைக்கு வந்து உட்கார்ந்து, நான் தேவதைக் காட்சி இல்லை, ஒரு பெண், அது இதற்கு நேர் எதிர் என்று சொல்வார். எழுதியவர்கள் வேறு யாரோ, ஆனால் அதற்குப் பிறகு செரிக் செய்ததெல்லாம் அந்த ஒரு வசனத்தைத் தன் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு செய்ததாகவே எனக்குப் படுகிறது. 1971 ஏப்ரலில், பிரான்சில் கருக்கலைப்பு குற்றமாக இருந்தபோது, நாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் என்று பகிரங்கமாகக் கையெழுத்திட்ட 343 பெண்களில் அவரும் ஒருவர்.

இப்போது நீங்கள் பார்த்த படம். 201 நிமிடம், பிரஸ்ஸல்ஸில் ஓர் அடுக்குமாடி வீடு, கணவனை இழந்த பெண், பள்ளி போகும் மகன், மதியம் பணம் கொடுத்து உடலுறவுக்கு வரும் ஒரு வாடிக்கையாளர், மூன்று நாள். முதல் நாளில் செரிக்கின் கைகளைப் பாருங்கள். வீண் அசைவு ஒன்றுகூட இல்லை, துண்டை விரிப்பதற்கும் மடிப்பதற்கும் ஒரே அளவு நேரம். அந்த ஒழுங்கு நமக்கு மனப்பாடம் ஆக வேண்டும், அதற்குத்தான் அவ்வளவு நேரம். இரண்டாம் நாள் மதியத்துக்குப் பிறகு, பணம் போட்டு வைக்கும் பாத்திரத்தின் மூடி திறந்தே கிடக்கிறது. உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. தலைமுடி கலைந்திருக்கிறது, மகன்கூட கவனித்துக் கேட்கிறான். நீங்கள் எழுந்து போனது இதெல்லாம் தொடங்கும் சமயத்தில்தான்! மூன்றாம் நாள் கரண்டி கீழே விழுகிறது, காபி சரியாக வருவதில்லை, கொட்டிவிட்டு மறுபடி போடுகிறார். அழுகை இல்லை, வசனம் இல்லை. கையின் வேகம் மாறுகிறது, அவ்வளவுதான், நமக்கு வயிற்றைப் பிசைகிறது. முகத்தில் ஒன்றுமில்லை என்கிறீர்களே, அதை மூன்றேகால் மணி நேரம் அப்படி வைத்திருப்பதுதான் சார் நடிப்பு.

இது தானாக வந்துவிடவில்லை. அவருடைய துணைவரான நடிகர் சாமி ஃப்ரே படப்பிடிப்பை வீடியோவில் பதிவு செய்திருக்கிறார். தன்னைவிடப் பதினெட்டு வயது இளைய இயக்குநரிடம், இந்த அசைவு ஏன், அப்போது இவள் என்ன நினைக்கிறாள் என்று செரிக் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அதே எழுபதுகளில் அவரே கேமராவுக்குப் பின்னால் போனார். வீடியோ படங்கள் எடுத்துவந்த கரோல் ரூசோபூலோஸிடம் வீடியோ கற்று, அமெரிக்காவிலும் பிரான்சிலும் இருபதுக்கும் மேற்பட்ட நடிகைகளைச் சந்தித்து 'அழகாயிரு, வாயை மூடு' என்ற படத்தை எடுத்தார். ஜேன் ஃபோண்டா, மரியா ஷ்னைடர் எல்லாம் பேசுகிறார்கள். கன்னம் ஒட்டித் தெரிவதற்காகத் தாடையை உடைத்துச் சரிசெய்யலாம் என்று ஸ்டுடியோவில் சொன்னதை ஃபோண்டா விவரிக்கும் இடத்தை மறக்க முடியாது. 1982இல் ரூசோபூலோஸ், இயோனா வீடர் இருவருடன் சேர்ந்து பாரிஸில், பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த போவுவார் பெயரில் ஓர் ஒலி-ஒளி மையத்தைத் தொடங்கினார், பெண்களின் போராட்டப் பதிவுகளைச் சேகரித்துக் காப்பதற்காக. 1990இல், ஐம்பத்தெட்டு வயதில் இறந்துவிட்டார்.

நிறுத்திய இடத்திலிருந்து தொடராதீர்கள். முதலில் 'திருட்டு முத்தங்கள்' பாருங்கள், லேசான படம், ஒரே மூச்சில் போய்விடும். அப்புறம் ஒரு விடுமுறை நாளில் போனை வேறு அறையில் வைத்துவிட்டு 'ழான் டீல்ம'னை முதலிலிருந்து போடுங்கள். முடிவை நான் சொல்லவில்லை, வேறெங்கும் படித்தும் விடாதீர்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.