ஸ்கிப் பொத்தானே வராத விளம்பரத்தை என்ன செய்வது?

கேள்வி: ஆண்டுச் சந்தா கட்டித்தான் ஸ்மார்ட் டிவியில் படம் பார்க்கிறோம். அப்படியும் நடுநடுவே விளம்பரம். யூடியூபில் படம் போட்டால் இன்னும் மோசம், ஸ்கிப் பொத்தானே வருவதில்லை. இங்கே தெரிந்த கடைக்காரத் தம்பி, 'முந்நூறு ரூபாய் கொடுங்க, விளம்பரமே வராத ஆப் ஏத்தித் தர்றேன்' என்கிறார். ஏற்றிக்கொள்ளலாமா?
– பாலக்கோடு வாசகர்

ஏற்றாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ரிமோட்டைப் போட்டு அழுத்துவதை நிறுத்துங்கள்.

கிருஷ்ணகிரியில் டிவி ரிப்பேர் பார்ப்பவன் நான். காவேரிப்பட்டினத்துக்காரர் ஒருவர், ஓகே பொத்தான் வேலை செய்யவில்லை என்று ரிமோட்டைக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் மற்ற பொத்தான்களின் கரிப்பொட்டெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது, ஓகேவுக்கு அடியில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. வராத ஸ்கிப்பை வீட்டுப் பிள்ளைகள் அழுத்தி அழுத்திச் செய்த வேலை.

யூடியூபில் ஸ்கிப் வருமா வராதா என்பது விளம்பரம் கொடுப்பவர் எந்த வகையை வாங்கினார் என்பதைப் பொறுத்தது. ஒரு வகையில் 5 விநாடி கழித்துத் தாண்டலாம். 6 விநாடித் துண்டையும், 15 விநாடி ஓடும் இன்னொரு வகையையும் தாண்டவே முடியாது. டிவித் திரைக்கென்றே தாண்ட முடியாத 30 விநாடி விளம்பரமும் உண்டு. போனில் வந்த ஸ்கிப் டிவியில் வரவில்லையே என்று குழம்புகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

நடுவில் எத்தனை முறை விளம்பரம் வரும் என்பதில் சேனல்காரருக்கும் கை உண்டு. வீடியோ 8 நிமிடத்தைத் தாண்டினால் இடையிலும் விளம்பரம் வைக்கலாம். இரண்டரை மணி நேரப் படமென்றால் கேட்கவே வேண்டாம். வீடியோவுக்குக் கீழே ஓடும் கோட்டில் மஞ்சள் புள்ளிகள் தெரியும், அவைதான் விளம்பரம் வரும் இடங்கள். பழைய படங்கள் பலவும் ஒன்றுக்கு மேற்பட்ட சேனல்களில் கிடக்கின்றன. புள்ளி குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். காசில்லாமல் செய்யக்கூடியது இவ்வளவுதான். அதுவும் வேண்டாமென்றால், காசு கட்டி விளம்பரமில்லாமல் பார்க்கும் யூடியூப் பிரீமியம். தனிநபர் கட்டணம் 2024 ஆகஸ்டில் மாதம் 149 ரூபாய் ஆனது.

சந்தா கட்டியது எந்தத் தளத்துக்கு என்று நீங்கள் எழுதவில்லை. அமேசான் பிரைம் என்றால், 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் சந்தாதாரர்களுக்கும் விளம்பரம் உண்டு. அதை நீக்க மாதம் 129 அல்லது ஆண்டுக்கு 699 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். ஜியோ ஹாட்ஸ்டாரில் விலை குறைந்த திட்டங்கள் விளம்பரத்தோடுதான் வரும். ரீசார்ஜோடு இலவசமாகக் கொடுப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான். இப்போதைய விலையைக் கணக்குப் பக்கத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டாம். வீட்டில் அதிகம் படம் பார்க்கும் ஒன்றுக்கு மட்டும், பிள்ளைகள் லீவில் இருக்கும் மாதத்தில் கட்டினால் போதும்.

இந்தத் தொல்லை புதிதும் இல்லை. டிவிடி காலத்திலேயே, தாண்டக் கூடாது என்ற கட்டளையை டிஸ்க்குக்குள்ளேயே எழுதிவைத்தார்கள், பிளேயர் அதற்குக் கட்டுப்பட்டது. ஸ்டாப்பை இரண்டு முறை அழுத்திவிட்டு பிளே அழுத்தினால் சில பிளேயர்களில் நேராகப் படத்துக்குப் போகும். அந்த டிஸ்க்குகள் இன்னும் பரணில் இருந்தால் முயன்று பாருங்கள்.

சரி, அந்த ஆப். விளம்பரம் தனி இணைய முகவரியிலிருந்து வந்தால் அந்த முகவரியை மறித்துவிடலாம். யூடியூபில் படம் வரும் வழியாகவே விளம்பரமும் வருகிறது, அதனால் வைஃபை பெட்டியில் போடும் தடுப்பு அங்கே எடுபடாது. சில தளங்கள் சர்வரிலேயே விளம்பரத்தைப் படத்தோடு தைத்து அனுப்புகின்றன. மாவில் கரைத்த உப்பைப் பிரித்தெடுக்க முடியுமா? இதற்காகத்தான் செயலியையே திருத்திய ஏபிகே கோப்புகள் (ஆப் ஸ்டோர் வழியாக வராமல் நேராக ஏற்றும் ஆப் கோப்புகள்) சுற்றுகின்றன. அதில் யார் கை பட்டது என்று கடைக்காரத் தம்பிக்கே தெரியாது. அதற்குள் நீங்கள் கொடுக்கப்போவது உங்கள் கூகுள் கணக்கை. போனில் உள்ள போட்டோ, மெயில், வங்கிக் கடிதம் எல்லாம் அதே கணக்கில்தானே இருக்கின்றன? தவிர, யூடியூப் ஒரு மாற்றம் செய்தால் ஆப் நின்றுவிடும், நீங்கள் மறுபடி கடைக்கு நடக்க வேண்டும்.

ஏற்கெனவே ஏற்றியிருந்தால் நீக்கிவிடுங்கள். டிவி அமைப்பில், ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் ஏற்றவிடும் 'தெரியாத மூலங்கள்' அனுமதியை அணைத்துவிடுங்கள். அப்புறம் போனில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், தெரியாத சாதனம் ஏதும் இருந்தால் வெளியேற்றிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றுங்கள்.