உட்கார்ந்தால் திட்டுகிறார்

கேள்வி: ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறேன். கூட்டமில்லாத மதிய நேரத்தில் உட்கார்ந்தால்கூட, மேற்பார்வையாளர் கேமராவில் பார்த்துவிட்டு வந்து எல்லோர் முன்னிலையிலும் திட்டுகிறார். கெண்டைக்காலில் நரம்பு புடைத்துவிட்டது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: படித்ததும் கொதித்துப்போனேன், சகோதரி. உட்காருவது அவர் போடும் பிச்சை அல்ல, உங்கள் சட்ட உரிமை. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் தமிழக அரசு 2021-இல் செய்த திருத்தத்தின்படி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை தந்தாக வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். கேரளத்தில் 2018-லேயே இந்த உரிமை வந்துவிட்டது. அதற்காகப் போராடியவர்கள் உங்களைப் போன்ற ஜவுளிக்கடைப் பெண்கள்தான். தனியாகப் போகாதீர்கள். உடன் வேலை செய்பவர்கள் நான்கைந்து பேராகக் கையெழுத்திட்டு, தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அதற்கும் முன்னால், காலை மருத்துவரிடம் காட்டுங்கள்.