வால்வு அம்பிளிபயர் கட்ட விரும்புவோரின் கேள்விகள்

கிற்றாருக்கான வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) அம்பிளிபயர்களைச் சொந்தமாகக் கட்டுவது, மாற்றியமைப்பது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தரப்படுகிறது. ஒரே விடயத்தைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிறேன். ரேடியோ திருத்தும் கடையொன்றில் உதவிக்கு நின்றதால் ஈயம் ஒட்டத் தெரியும். மார்ஷல் போன்ற 50 வொட் வால்வு அம்பிளிபயர் ஒன்றை நானே கட்ட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர், கல்லடி

பதில்: 50 வொட்டை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். உங்கள் கைத்திறனில் ஐயம் கொண்டு இதைச் சொல்லவில்லை. அவ்வகைச் சுற்றில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பவர் வால்வுகள், அவற்றுக்கு எதிரெதிர்க் கட்டத்தில் கிற்றாரின் மின் சைகையைப் பிரித்துக் கொடுக்கும் இன்னொரு வால்வு, தனியான மறை வோல்ற்றளவு வழங்கல் என ஒன்றையொன்று சார்ந்த பகுதிகள் பல இருப்பதால், சத்தம் வராதபோது பிழை எங்கே என்று புதியவர் பிரித்தறிவது கடினம். மார்ஷல் நிறுவனத்தாரும் வெறுங்கையோடு தொடங்கவில்லை. 1962இல் அவர்கள் உருவாக்கிய ஜேடிஎம்45 என்ற முதல் அம்பிளிபயர், அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மன் 5எஃப்6-ஏ சுற்றைப் பெருமளவு அப்படியே பின்பற்றியது.

நான் பரிந்துரைப்பது 1950களில் வந்த ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சுற்றை. அதில் மூன்றே வால்வுகள்: மாறுமின்னை நேர்மின்னாக்கும் 5வை3ஜிடி, சைகையைப் பெருக்கும் 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை இயக்கும் 6வி6ஜிடி. கிற்றாரிலிருந்து வரும் சிறிய சைகை 12ஏஎக்ஸ்7இன் முதற்பாதியின் கிரிட்டுக்குப் போகிறது. சூடான கதோட்டிலிருந்து பிளேட்டுக்குப் பாயும் இலத்திரன்களை, குளத்துத் துருசைச் சற்றே ஏற்றி இறக்குவதால் வாய்க்கால் நீர் கூடிக் குறைவதுபோல, அந்தக் கிரிட் கட்டுப்படுத்துகிறது. பிளேட்டில் உள்ள 100 கிலோ ஓம் ரெசிஸ்டரில் அந்த ஏற்ற இறக்கம் பெரிய வோல்ற்றளவு மாற்றமாகத் தோன்ற, அதை ஒரு கொண்டென்சர் வழியாக வொலியூம் கட்டுப்பாட்டுக்கும், அங்கிருந்து அதே வால்வின் மறுபாதிக்கும், பின்னர் 6வி6க்கும் அனுப்புகிறோம். முழுச் சுற்றும் ஒரு தாளில் அடங்கும். ஒவ்வொரு உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று ஓரிரு மாலைகளில் படித்துவிடலாம். வெளியீடு ஏறத்தாழ 5 வொட் மட்டுமே என்றாலும், நல்ல ஸ்பீக்கரோடு அது வீட்டாரைக் கோபப்படுத்தப் போதுமானது.

ரெசிஸ்டர், கொண்டென்சர், சுவிட்ச் போன்றவற்றைக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். வால்வுகளையும் ட்ரான்ஸ்போமர்களையும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டும். ஒற்றைப் பவர் வால்வுச் சுற்றின் வெளியீட்டு ட்ரான்ஸ்போமரினூடாக நேர்மின்னோட்டம் இடைவிடாமல் பாய்வதால் அதன் இரும்பு மையத்தில் சிறு காற்றிடைவெளி இருக்க வேண்டும். கையில் கிடைத்த ஏதோவொரு ட்ரான்ஸ்போமர் அதற்கு ஈடாகாது. செலவைக் குறைக்க வேண்டுமாயின் வேறெதிலும் குறையுங்கள், இதில் வேண்டாம்.

இனிப் பாதுகாப்பு. இச்சுற்றினுள் 300 வோல்ற்றுக்கு மேல் நேர்மின் இருக்கிறது, பிளக்கைக் கழற்றிய பின்னரும் நேர்மின்னைச் சீராக்கும் வடிகட்டிக் கொண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று பலர் துணிகிறார்கள். அது சுவரிலிருந்து வரும் மின் நிலத்துக்குக் கசிவதை மட்டுமே உணரும். பவர் ட்ரான்ஸ்போமருக்கு அப்பால் உள்ள உயர் வோல்ற்றளவு உங்கள் உடலினூடாகப் பாய்ந்தால் அது அசையவே அசையாது. ஆகவே உள்ளே கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றி, 10 கிலோ ஓம் 5 வொட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கிளிப் வயரால் கொண்டென்சருக்குக் குறுக்கே சில விநாடிகள் பிடித்து, மல்டிமீற்றரால் அளந்து, பூச்சியத்தை நெருங்கியதைக் கண்ணால் கண்ட பின்னரே தொடுங்கள். 220 கிலோ ஓம் 2 வொட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகவே அங்கு ஒட்டிவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் மின் பெரும்பாலும் வடிந்துவிடும், ஆனாலும் அளப்பதை விடக் கூடாது. உலோகப் பெட்டியோடு எர்த் வயர் தனித் திருகாணியால் இறுக்கப்பட வேண்டும். ஃபியூஸ் லைவ் வயரில் இருக்க வேண்டும். முதன்முறை மின் கொடுக்கும்போது, கடையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சீரீஸ் பல்ப் (மின்வழியில் தொடராக இணைத்த பல்ப்) வழியாகக் கொடுங்கள். 60 வொட் இழைப் பல்ப் கணநேரம் ஒளிர்ந்து மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷோர்ட். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. ஸ்பீக்கர் இணைக்காமல் எந்த வால்வு அம்பிளிபயரையும் இயக்க வேண்டாம். வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் பழுதாகலாம்.

கேள்வி: அப்பப்பாவின் பழைய வால்வு ரேடியோ ஒன்று வீட்டில் உள்ளது. அதைக் கிற்றார் அம்பிளிபயராக மாற்ற முடியுமா?
– வாசகி, கல்முனை

பதில்: அதற்குள் எழுதப்பட்டிருக்கும் வால்வு இலக்கங்களை முதலில் பாருங்கள். ஐரோப்பிய வால்வுகளின் முதல் எழுத்து அவற்றைச் சூடாக்கும் இழையைப் பற்றியது. ‘ஈ’ என்று தொடங்கினால் 6.3 வோல்ற் இழை. அத்தகைய ரேடியோவில் பெரும்பாலும் பவர் ட்ரான்ஸ்போமர் இருக்கும். ‘யூ’ என்று தொடங்கினால், உதாரணமாக யூஎல்84, யூவை85 போன்றவை, இழைகள் அனைத்தும் 100 மில்லி அம்பியரில் தொடராக இணைக்கப்பட்டு நேரடியாகச் சுவர் மின்னில் இயங்குபவை. அந்த வகையில் உலோகச் சட்டமே மின்கம்பியோடு தொடர்பில் இருக்கக்கூடும். கிற்றார் வயரின் வெளிப்பின்னல் அந்தச் சட்டத்தோடு சேரும், கிற்றாரின் தந்திகள் அந்தப் பின்னலோடு சேரும், தந்திகளில் இருப்பது உங்கள் விரல். யூ வகையாயின் அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள்.

ஈஎல்84 அல்லது ஈசிஎல்82 போன்ற பவர் வால்வும் உண்மையான பவர் ட்ரான்ஸ்போமரும் இருந்தால் வேலை சாத்தியமானது. அதற்கு முன்னர் பழைய மெழுகுத்தாள் கொண்டென்சர்களையும் வடிகட்டிக் கொண்டென்சர்களையும் மாற்றியே ஆக வேண்டும். பவர் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கொண்டென்சர் கசிந்தால் அந்த வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துச் சிவந்து போகும். எனினும், ரேடியோ முழுமையாக இருந்து இன்னமும் பாடக்கூடிய நிலையிலும் இருந்தால், அதை ரேடியோவாகவே திருத்தி வைத்துக்கொள்வதுதான் என் விருப்பம். அம்பிளிபயரைப் புதிய பெட்டியிலும் கட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கிட் ஒன்றை இங்கே பாவிக்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அதன் பவர் ட்ரான்ஸ்போமர் 120 வோல்ற்றுக்கு மட்டும் சுற்றப்பட்டதாயின் நமது 230 வோல்ற்றில் நேரடியாகச் செருக முடியாது. வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வைத்தாலும், 60 ஹேர்ட்ஸுக்கு மட்டுமென்று சிக்கனமாகச் செய்யப்பட்ட இரும்பு மையம் நமது 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். வாங்கும்போதே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று குறிப்பிட்ட ட்ரான்ஸ்போமரைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சாம்ப் சுற்றைக் கட்டி முடித்தேன். முதலில் காது கிழியும் கூச்சல். இரண்டு வயரை மாற்றியதும் அது நின்றது, ஆனால் விடாத ஹம் சத்தம் இருக்கிறது. அந்தக் கூச்சல் ஏன் வந்தது, இந்த ஹம்மை எப்படி நீக்குவது?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: அந்தச் சுற்றில் ஸ்பீக்கர் முனையிலிருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சைகையின் ஒரு பகுதி இரண்டாம் நிலைக்கு, அதாவது 12ஏஎக்ஸ்7இன் மறுபாதிக்கு, திரும்புகிறது. வெளியீட்டு ட்ரான்ஸ்போமரின் முனைகள் தலைகீழாக ஒட்டப்பட்டால், அடக்க வேண்டிய அந்தப் பின்னூட்டல் தூண்டும் பின்னூட்டலாகிக் கூச்சலிடும். நீங்கள் மாற்றிய இரண்டு வயர்களும் அந்த ட்ரான்ஸ்போமருடையவையாகவே இருக்க வேண்டும்.

ஹம்மைப் பொறுத்தவரை, கிற்றார் வாசிப்பவருக்கு மற்றவரிடம் இல்லாத ஓர் அளவுகருவி உண்டு. சுருதி சேர்த்த கிற்றாரில் தடித்த தந்தியின் மூன்றாம் கட்டை அழுத்தினால் வரும் ஜி சுரம் 98 ஹேர்ட்ஸ். உங்கள் ஹம் அந்தச் சுரத்தோடு ஏறக்குறைய ஒட்டினால் அது 100 ஹேர்ட்ஸ், அதாவது நேர்மின்னாக்கிய பின் எஞ்சிய அலை. வடிகட்டிக் கொண்டென்சரையும் எர்த் இணைப்புகளையும் பாருங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலித்தால் 50 ஹேர்ட்ஸ். இழைகளுக்குப் போகும் வயர்கள் கிரிட் வயருக்கு அருகே ஓடுகின்றன என்று சந்தேகிக்கலாம். இழை வயர்கள் இரண்டையும் நெருக்கமாக முறுக்கி, பெட்டியின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோய், வால்வுத் தாங்கியில் மட்டும் வெளியே வரவிடுங்கள். அந்த 6.3 வோல்ற் சுற்றின் நடுமுனை எர்த்துக்கு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். நடுமுனை இல்லாத ட்ரான்ஸ்போமராயின் இரு பக்கத்திலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றை எர்த்துக்கு ஒட்டினால் அதே பயன் கிடைக்கும்.

பிழை எந்த நிலையில் என்றறிய, மின்னை நிறுத்தி 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். ஹம் அப்படியே இருந்தால் காரணம் பவர் வால்வுப் பக்கத்திலோ மின் வழங்கலிலோ உள்ளது. மறைந்தால் முன்நிலையில் தேட வேண்டும். வடிகட்டிக் கொண்டென்சரைக் கண்டபடி பெரிதாக்குவது மட்டும் வேண்டாம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அதை நிரப்பும் சுமை நேர்மின்னாக்கி வால்வின் மேல் விழுவதால், 5வை3இன் தரவுத்தாளில் உள்ள எல்லையை மீறக் கூடாது.

கேள்வி: கட்டிய அம்பிளிபயரின் ஓசையை நம் விருப்பப்படி மாற்ற என்னென்ன செய்யலாம்? எனக்குப் பிசிறு (ஓசை உடைந்து கரகரப்பது) வொலியூமை அதிகம் ஏற்றாமல், சற்று முன்னதாகவே வர வேண்டும். அடித்தொனி குழம்பக் கூடாது.
– வாசகர், ஆரையம்பதி

பதில்: மாற்றுமுன் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு வால்வின் பிளேட், கதோட் வோல்ற்றளவுகளைக் குறித்த ஒரு தாள் இல்லாமல் செய்யப்படும் மாற்றத்தில் கெட்டது எது, திருந்தியது எது என்று பிறகு சொல்ல இயலாது. உதாரணமாக 6வி6இன் 470 ஓம் கதோட் ரெசிஸ்டரில் 18 வோல்ற் இருந்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 38 மில்லி அம்பியர். பிளேட்டுக்கும் கதோட்டுக்கும் இடையே 300 வோல்ற் இருந்தால் இரண்டின் பெருக்கத்தொகை, அதாவது வால்வு தாங்க வேண்டிய வலு, 11.5 வொட். பழைய தரவுத்தாள்கள் 6வி6ஜிடிக்குத் தரும் 12 வொட் எல்லைக்குள் இது அடங்குகிறது. உங்கள் கணக்கு அந்த எல்லையைத் தாண்டினால் ஓசையை மறந்து முதலில் அதைத் திருத்துங்கள்.

ஒரு நேரத்தில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றிக் கேளுங்கள். 12ஏஎக்ஸ்7இன் முதல் நிலையில் 1.5 கிலோ ஓம் கதோட் ரெசிஸ்டருக்குக் குறுக்கே கொண்டென்சர் இல்லாவிட்டால் பெருக்கம் ஏறத்தாழ 30 மடங்கு. 25 மைக்ரோபரட் சேர்த்தால் அது 60 மடங்கை நெருங்கும். அதற்குப் பதிலாக 0.68 மைக்ரோபரட் சேர்த்தால் மேல் சுரங்களின் பெருக்கம் மட்டும் கூடும், அடித்தொனி பழைய அளவிலேயே நிற்கும். உங்கள் விருப்பத்துக்கு இதுவே பொருத்தம். அதுவும் போதாவிட்டால் 6வி6க்கு முந்திய 0.022 மைக்ரோபரட் கொண்டென்சரைச் சிறிதாக்கலாம். 220 கிலோ ஓமோடு சேர்ந்து அது 33 ஹேர்ட்ஸ் அளவில்தான் வெட்டத் தொடங்குகிறது, கிற்றாரின் அடித்தந்தியோ 82 ஹேர்ட்ஸ். 0.0047 வைத்தால் வெட்டு 154 ஹேர்ட்ஸுக்கு ஏறும், தனி கிற்றாருக்கு அது மெலிந்து கேட்கலாம். 0.01 நடுவில் நிற்கும்.

22 கிலோ ஓம் பின்னூட்டல் ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டால் பிசிறு முன்னதாகவே வரும், ஓசையும் சற்று முரடாகும். எதையும் ஒட்டாமல் சோதிக்க விரும்பினால் வால்வை மாற்றுங்கள்: 12ஏஎக்ஸ்7இன் பெருக்கக் காரணி 100, 12ஏடி7க்கு 60, 12ஏவை7க்கு நாற்பதைச் சற்றே தாண்டிய அளவு, 12ஏயூ7க்கு 20க்குக் குறைவு, முனைகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. நீங்கள் கேட்டது பிசிறு என்பதால் இவை எதிர்த்திசையில் போகும். ஆனால் கபிறிஞா, பைலா வாசிக்கும் பறங்கிய நண்பர் உங்கள் அம்பிளிபயரை இரவல் கேட்டால் 12ஏவை7ஐச் செருகிக் கொடுங்கள், தாளம் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் இத்தகைய அம்பிளிபயர் நின்றுபிடிக்குமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: பெட்டிக்கு அமுக்கப்பட்ட மரத்தூள் பலகை வேண்டாம், மாரி மழைக்காலத்து ஈரத்தில் அது உப்பி, திருகாணிகள் பிடிவிட்டுப் போகும். நல்ல பிளைவுட் அல்லது காய்ந்த தேக்கு போதும். உப்புக் காற்று முதலில் பிடிப்பது வால்வுத் தாங்கிகளையும் கிற்றார் ஜாக்கையும்தான், ஆகவே அவற்றில் மலிவானதை வாங்காதீர்கள். கரகரப்புத் தொடங்கினால், மின்னை நிறுத்தி, கொண்டென்சரை வடித்து, வால்வுகள் ஆறிய பின் ஒவ்வொன்றையும் தாங்கியில் மெதுவாகச் சிலமுறை ஏற்றி இறக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே சிறிதளவு போதுமானது. மாதக்கணக்கில் பாவிக்காமல் மூடிவைப்பதைவிட, வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் வாசியுங்கள். வால்வுகளின் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை உலர்த்திவிடும்.