50 வயதில் வெஸ்ட் கோஸ்ட் ட்ரெயிலுக்கு வழிகாட்டியோடு போவது தண்டச்செலவா?

'தண்டச்செலவு' என்ற சொல்லைப் பார்த்ததும் என் மைத்துனனின் முகம்தான் கண்முன் வந்தது. "நடப்பதற்குக் காசு கொடுக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், அத்தான்" என்று ஒரு கலியாணப் பந்தியில் இருபது பேருக்குக் கேட்கும்படி சொன்னவன் அவன். நீங்களும் ரொறன்ரோவில் நாற்காலியிலும் காரிலுமே காலத்தைக் கழிக்கிற ஆள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், 52 வயதில், கனடாவின் மேற்கே வன்கூவர் தீவின் கரையோரம் போகும் இந்த நடைபாதையை வழிகாட்டியோடு ஏழு நாட்களில் நடந்தேன். பச்சீனா விரிகுடாவில் தொடங்கி தெற்கே கோர்டன் ஆறு வரை 75 கிலோமீட்டர்தான். ஆனால் தெற்குப் பகுதியில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிய காரியம். சேறு, வேர், உளுத்த பலகைப் பாதை, நூற்றுக்கும் மேற்பட்ட ஏணிகள். ஆற்றின் மேல் கம்பியில் தொங்கும் தொட்டிலில் ஏறி, கயிற்றை நாமே இழுத்து அக்கரை போக வேண்டும். வழிகாட்டி சுமைதூக்கி அல்ல. என் முதுகில் 19 கிலோ இருந்தது. குழுவின் அரிசியும் ஒரு சட்டியும் அதில் அடக்கம். உங்கள் முழங்கால் வலியையும் நீங்கள்தான் ஏணியில் ஏற்ற வேண்டும்.

அப்படியானால் காசு எதற்கு? என் கதையைச் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடற்கரையில் பிறந்தவன். எங்கள் வழிகாட்டிக்கு என் மகளின் வயது. இவள் எனக்குக் கடல் சொல்லித்தருவதா என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது. ஓவன் பாயின்ட் என்ற முனையைச் சுற்ற, நீர்மட்டம் 1.8 மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். முதல் நாள் இரவு கேம்பர் விரிகுடாவில், கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் வற்றுப்பெருக்கு அட்டவணையை நெற்றி விளக்கில் நானே பார்த்து, விடிகாலையில் புறப்படும் நேரத்தை அறிவித்தேன். அவள் சிரிக்கவில்லை. தாளின் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தின் மேல் நகத்தை வைத்தாள். அட்டவணை குளிர்கால நேரத்தில் இருந்தது. கோடை என்பதால் ஒரு மணி கூட்டியிருக்க வேண்டும். என் கணக்கில் போயிருந்தால் தண்ணீர் வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாறைகளுக்கிடையில் நின்றிருப்போம். எங்கள் ஊர்க் கடல் முழங்கால் உயரத்துக்கு ஏறி இறங்கும். அந்தக் கரையில் இருப்பதோ ஆளையே மூடுகிற கடல்.

அந்தப் பாதையே கப்பல் உடைந்ததால் வந்ததுதான். 1906 ஜனவரியில் வலென்சியா என்ற கப்பல் அங்கே பாறையில் மோதி, நூறுக்கும் மேற்பட்டோர் கரையைக் கண்ணால் பார்த்தபடியே இறந்தார்கள். அதன்பிறகுதான் பழைய தந்திக் கம்பி வழியை உயிர்காப்புப் பாதையாக வெட்டினார்கள்.

'நாங்கள் தனியாகவே போனோம்' என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: போங்கள். அட்டவணை பார்க்கத் தெரிந்த, ஈரத்தில் கூடாரம் அடித்துப் பழகிய ஆட்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. நான் அந்த ஆள் இல்லை, அவ்வளவுதான். மே முதல் செப்டம்பர் வரைதான் பாதை திறந்திருக்கும். யாரோடு போனாலும் அனுமதிச்சீட்டு வேண்டும், புறப்படுமுன் பூங்கா அலுவலர்களின் விளக்கக் கூட்டத்தில் உட்காரவும் வேண்டும்.

வழியில் நிட்டினாட் நீரிணையில், அந்த மண்ணின் பூர்வகுடிகளான டிட்டிடாட் மக்கள் எங்களைப் படகில் அக்கரை சேர்த்தார்கள். அங்கேயே நண்டு அவித்துத் தந்தார்கள். நான் காற்சட்டைப் பையிலிருந்து மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்தேன். மாலை வரை வழிகாட்டியின் மூக்கு ஒழுகியது. மறுநாள் மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

செலவைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஏழு நாட்களுக்குள் மைத்துனன் மகளின் சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா, வந்துவிட்டது. தேதி குறிக்குமுன்பே நான் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று எத்தனை தடவை சொல்வது? மண்டபம், இரண்டு கமராக்காரர், பிள்ளை வந்திறங்க ஒரு வெள்ளைக் குதிரை வண்டி. அந்த வண்டிக்கு என்ன வாடகை என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. என் வழிகாட்டிக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பது மட்டும் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரம் வரைக்கும் தெரியும்.