காலேஜ் ஸ்டேஷனுக்கு அறுபது லட்சம் வேண்டாம் சார்

சார், அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் எப்படிப்பட்ட ஊர், அங்கே அரசியல் எப்படி, பெண் பிள்ளையைப் படிக்கத் தனியாக அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஹூஸ்டனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் வரும் ஊர் அது, காடு மேடு இல்லை. 2010இல் 94 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த மக்கள்தொகை 2020இல் 1,20,511 ஆகிவிட்டது. ஒட்டியே இருக்கும் பிரையன் ஊரையும் சுற்றியுள்ள கவுண்டிகளையும் (நம் மாவட்டம் மாதிரி) சேர்த்துப் பெருநகரப் பகுதி என்று அமெரிக்க அரசு எண்ணும்போது 2,68,248 வருகிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அந்த வளாகத்தில் மட்டும் 70 ஆயிரம் மாணவர்களுக்கு மேல். அந்தப் பெருநகரப் பகுதியில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மாணவர் என்றால் ஊர் எதை நம்பி ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி ஊர் என்றாலே ஜனநாயகக் கட்சி, ஒன்றும் பயமில்லை என்று உங்கள் மச்சினர் டாலஸிலிருந்து சொன்னாராம். மிச்சிகனில் உள்ள ஆன் ஆர்பருக்கு அது பொருந்தும், அங்கே 2020இல் பைடனுக்கு நூற்றுக்கு எழுபதுக்கு மேல் விழுந்தது. காலேஜ் ஸ்டேஷன் இருக்கும் பிரேசஸ் கவுண்டியில் கதை தலைகீழ், டிரம்புக்கு 55 சதவீதத்துக்கு மேல். 1876இல் விவசாயமும் ராணுவப் பயிற்சியும் சொல்லித்தரத் தொடங்கிய கல்லூரி அது. 1960கள் வரை ராணுவப் பயிற்சி கட்டாயம், பெண்களுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். அந்த வாசனை இன்னும் போகவில்லை. முன்னாள் அதிபர் மூத்த புஷ்ஷை அடக்கம் செய்ததும் அந்த வளாகத்தில்தான். ஆனால் வெளிநாட்டு மாணவிக்கு ஊரின் ஓட்டைவிட மாநிலத் தலைநகரும் வாஷிங்டனும்தான் முக்கியம். பல்கலைக்கழகத்தை ஆளும் குழுவை நியமிப்பவர் கவர்னர், விசா விதியை மாற்றுவது மத்திய அரசு.

சரி, ஊர்க்கதை போதும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன்.

வீட்டை அடமானம் வைத்து அறுபது லட்சம் கடன் வாங்கி டேட்டா சயின்ஸ் எம்.எஸ். என்று முடிவே செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பத்து சதவீத வட்டி என்றே வையுங்கள், அசல் ஒரு பைசா குறையாமல் வட்டி மட்டும் மாதம் ஐம்பதாயிரம். உங்களுக்கு ஓய்வுபெற இன்னும் எத்தனை வருடம்? படிப்பு முடிந்து வேலை கிடைத்தாலும், தனியார் நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 85 ஆயிரம் எச்-1பி வேலை விசாதான் என்பதால் குலுக்கலில் பேர் வர வேண்டும். இந்தக் கடனுக்கு என்னிடம் ஆமாம் என்ற பதில் கிடைக்காது. மச்சினர் கையெழுத்துப் போடத் தயாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அறிவுரை அதோடு நின்றுவிடும்.

உங்கள் கடிதத்தில் உங்கள் மகள் என்ன சொன்னாள் என்று எங்கேயும் இல்லை. கடைசியில் புலம்பலாக ஒரு வரி மட்டும்: "இந்த ஊர்ப் பேச்சு வந்தாலே, அந்த 70 ஆயிரம் பேரை எந்த ஊரில் எண்ணுவார்கள், ஓட்டில்லாத வெளிநாட்டுப் பிள்ளைகளையும் சேர்ப்பார்களா என்று நோண்டிக்கொண்டிருக்கிறாள்." சார், அது புலம்ப வேண்டிய விஷயமே இல்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏப்ரல் 1 அன்று மாணவர் வழக்கமாக எங்கே தங்கிப் படிக்கிறாரோ அங்கேதான் கணக்கு, வெளிநாட்டவரும் சேர்த்தி. 2020இல் கொரோனாவால் பிள்ளைகள் சொந்த ஊருக்குப் போய்விட, கல்லூரி ஊர்களுக்கெல்லாம் பெரிய தலைவலி. ஓட்டே இல்லாதவரும் மாநிலத்தின் எம்.பி. எண்ணிக்கையை ஏற்றுகிறார். டெக்சஸுக்கு அந்தக் கணக்கெடுப்பால் இரண்டு இடம் கூடி 38 ஆனது. நம் தமிழ்நாட்டில் 1971 கணக்கின்படி 39இல் நிற்கும் எம்.பி. தொகுதிகளைப் பற்றி இப்போது நடக்கும் சண்டையும் இதே ரகம்தான்.

புள்ளியியல் பி.எஸ்சி. கடைசி வருடத்தில் இருக்கும் பெண்ணுக்கு இந்த ஆர்வம் இருந்தால் அதற்குப் பெயர் மக்கள்தொகையியல். மும்பை தேவ்னாரில், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் ஐ.ஐ.பி.எஸ். என்ற மக்கள்தொகையியல் நிறுவனம் 1956 முதல் இருக்கிறது. பேப்பரில் அடிக்கடி வருகிறதே, தேசிய குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்று, அதை நடத்துவது இவர்கள்தான். இரண்டு வருட எம்.எஸ்சி., அதில் உயிர்ப்புள்ளியியலும் மக்கள்தொகையியலும் சேர்ந்த பிரிவு இவளுக்கு அளந்து தைத்தது மாதிரி. நுழைவுத்தேர்வு உண்டு. செலவு நீங்கள் போட்ட கணக்கின் பக்கத்தில்கூட வராது. வாழ்நாள் அட்டவணை (எந்த வயதுவரை எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கணக்கு) போடுவது, இடப்பெயர்வை அளப்பது, பத்து வருடம் கழித்து ஒரு மாவட்டத்தில் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று கணிப்பது, லட்சக்கணக்கான வீடுகளின் ஆய்வுத் தரவை மென்பொருளில் உடைப்பது என்று போகும் பாடம். டேட்டா சயின்ஸ் என்று நீங்கள் பணம் கொட்ட நினைத்ததில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது, தரவும் நிஜத் தரவு. பக்கத்திலேயே காந்திகிராமத்தில் மக்கள்தொகை ஆய்வு மையம் இருக்கிறது, விடுமுறையில் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வையும் இவள் எழுதலாம்.

ஆரம்பச் சம்பளம் ஐ.டி. சம்பளம் மாதிரி இருக்காது, அதை மறைக்க மாட்டேன்.

அமெரிக்கா போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று வருட பி.எஸ்சி.யை ஏற்காத பல்கலைக்கழகங்கள் அங்கே நிறைய, எம்.எஸ்சி. முடித்துவிட்டால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. அப்புறம் பிஎச்.டி.க்குப் போகட்டும். வேடிக்கை என்னவென்றால், இந்தத் துறையின் பெரிய ஆய்வு மையங்களில் பல மேடிசன், ஆன் ஆர்பர், சேப்பல் ஹில் மாதிரி கல்லூரி ஊர்களில்தான். சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடி, மாத உதவித்தொகையும் தருவார்கள். 2025இல் ஆராய்ச்சி மானியங்களில் அரசு கைவைத்ததிலிருந்து இடங்கள் இறுகிவிட்டன, கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பணம் தராமல் இடம் மட்டும் கொடுத்தால் போக வேண்டாம். 2023இல் மக்கள்தொகையியலையும் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் பட்டியலில் சேர்த்தார்கள், அதனால் படிப்பு முடித்தபின் வழக்கமான ஒரு வருடத்தோடு இன்னும் இரண்டு வருடம் வேலை பார்க்க விண்ணப்பிக்கலாம். உங்கள் மச்சினருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கிக்குப் போகவில்லை என்றால் பீரோவிலேயே இருக்கட்டும். போய்விட்டதென்றால் பணம் பட்டுவாடா ஆவதற்குள் மேலாளரைப் பார்த்து நிறுத்துங்கள். மகளை என்னிடம் ஒருநாள் பேசச் சொல்லுங்கள், அவளை மட்டும்; நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவள் வாயைத் திறக்கப் போவதில்லை.