வாடகை வீட்டைச் சீரமைக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் இரண்டு வாடகை வீடுகள் இருக்கின்றன. கட்டி 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வயரிங், குளியலறை ஹீட்டர் எல்லாமே பழசு. இனி வாடகைக்கு விட வேண்டுமானால் பாதுகாப்புச் சான்று கேட்பார்கள் என்கிறார்கள். ஒரு வீட்டில் இருப்பவர், கரன்ட் பில் எகிறுகிறது, குளிக்கும்போது குழாயைத் தொட்டால் சில நேரம் சுருக்கென்று அடிக்கிறது என்று சொல்கிறார். கையில் சுமார் 10 மாத வாடகைக்கு ஈடான பணம் இருக்கிறது. இதோடு கடனும் வாங்கி சோலார், புது ஜன்னல், புது ஏசி என்று ஒரேயடியாகச் செய்துவிட்டு வாடகையைக் கூட்டலாம் என்கிறான் மகன். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பணக் கணக்கைப் பிறகு பார்ப்போம். குழாயில் ஷாக் அடிக்கிறது என்று சொன்னீர்களே, அந்த ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஹீட்டருக்குள் கசியும் மின்சாரம் எர்த் வழியாகப் போகாமல் தண்ணீருக்கும் குழாய்க்கும் வருகிறது என்பதற்கான அறிகுறி இது. ஈரக் கையும் ஈரத் தரையும் சேர்ந்த இடத்தில் இது உயிரைப் பறிக்கக்கூடியது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்களும் மகனும் இரண்டு வேறு செலவுகளை ஒரே பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். பாதுகாப்புக்கான செலவு ஒன்று, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் செலவு இன்னொன்று. முதல் செலவுக்கு லாபம் பார்க்கவே கூடாது. அது வீட்டை வாடகைக்கு விடும் தொழிலில் இருப்பதற்கான கட்டணம். இரண்டாவதை ஒவ்வொரு காசாக எண்ணிப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். இரண்டையும் கலந்தால், பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும் சோலார் பலகைக்குப் பணம் போய்விடும், சுவருக்குள் இருக்கும் பழைய ஒயர் அப்படியே கிடக்கும்.

பாதுகாப்பில் பெரும்பாலும் நாம் பயப்படும் அளவுக்குச் செலவு ஆகாது. எலக்ட்ரீஷியனிடம் இரண்டு வீடுகளையும் முழுமையாகச் சோதித்து எழுத்தில் அறிக்கை கேளுங்கள். எர்த் வேலை செய்கிறதா, மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்பவை முதல் கேள்விகள். எம்.சி.பி (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது அதிகச் சுமையிலிருந்து ஒயரைக் காப்பது. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. வீடுகளில் பொருத்துவது பொதுவாக 30 மில்லிஆம்பியர் வகை. அந்த அளவு மின்சாரம் வழிதவறிப் போனாலே ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அப்புறம், அடிக்கடி எம்.சி.பி விழுகிறது என்று யாராவது முன்பே பெரிய எம்.சி.பியாக மாற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒயரின் தடிமன் அப்படியே இருக்க, எம்.சி.பியை மட்டும் பெரிதாக்கினால் ஒயர் சூடேறி எரியும்வரை அது விழாது. ஒருவரும் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் சுவருக்குள் காத்திருக்கும் ஆபத்து இது.

சமையல் எரிவாயுக் குழாய், புகை எச்சரிக்கைக் கருவி, அவசரத்தில் உள்ளிருந்து திறக்கக்கூடிய கதவும் ஜன்னல் கம்பியும் அடுத்தவை. புகைக் கருவியைப் பொதுவாக 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பட்டனை அழுத்தினால் கத்துகிறதே என்று பழையதையே நம்ப வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏசி குளிர்ச்சி வீணாகக் கூடாது என்று ஜன்னல், கதவு இடுக்குகளை அடைப்பது நல்ல யோசனைதான், செலவும் குறைவு. ஆனால் வீட்டுக்குள் கேஸ் ஹீட்டரோ எரியும் அடுப்போ இருந்தால், காற்றோட்டத்தை உறுதி செய்யாமல் இடுக்கை அடைக்கக் கூடாது. சரியாக எரியாத வாயுவிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய குளியலறையில் கேஸ் ஹீட்டர் இருந்தால் அதை வெளியே மாற்றுவதும் பாதுகாப்புச் செலவில்தான் சேரும்.

சரி, மின்சாரச் சிக்கனத்துக்கு வருவோம். இங்கே உரிமையாளர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பணம் போடுவது நீங்கள், குறைந்த பில்லின் பலன் குடியிருப்பவருக்கு. மீட்டர் அவர் பெயரில் இருந்து, பில்லையும் அவரே கட்டினால் சோலாரில் மிச்சமாகும் பணம் உங்கள் கைக்கு வராது. அதற்காகக் கடன் வாங்கினால் வட்டி மட்டும் உங்களுக்கு.

வாடகையைக் கூட்டி ஈடு கட்டலாம் என்கிறான் மகன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகையை 5 சதவீதம் கூட்டினால் ஆண்டுக்கு உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 0.6 மாத வாடகை. அந்த உயர்வு பிடிக்காமல் குடியிருப்பவர் காலி செய்து, வீடு ஒரே ஒரு மாதம் சும்மா கிடந்தால் அந்த இழப்பை மீட்கவே 20 மாதம் ஆகும். நல்ல குடித்தனக்காரர் தொடர்ந்து இருப்பதுதான் உங்கள் முதலீட்டின் மிகப் பெரிய வருமானம். பில் குறைந்து, பயமில்லாமல் குளிக்க முடிகிற வீட்டை யாரும் எளிதில் விட்டுப் போக மாட்டார்கள். உயர்வு வேண்டுமென்றால் முதலில் வேலையை முடியுங்கள். அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பில், பில் எவ்வளவு குறைந்தது என்பதை இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டு, அந்த மிச்சத்தில் ஒரு பங்கை மட்டும் வாடகையில் சேர்க்கலாம். அதை ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள்.

எதைச் செய்யலாம்? சின்னது முதலில். 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி போட்டு நாளுக்கு 5 மணி நேரம் எரித்தால் ஆண்டுக்குச் சுமார் 93 யூனிட் மிச்சம், அதுவும் ஒரே பல்பில். 75 வாட் பழைய மின்விசிறியை 30 வாட் பி.எல்.டி.சி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வகை) விசிறியாக மாற்றி நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டினால் சுமார் 197 யூனிட். மேல்தளத்து வீடாக இருந்து வெயில் நேராக விழுந்தால், கூரைக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது புது ஏசி வாங்குவதை விட முந்திய வேலை. உள்ளே வரும் சூட்டைக் குறைத்தால் ஏசியே சிறியதாகப் போதும். ஏசியை அது பழுதாகும்போது மாற்றுங்கள், ஓடிக்கொண்டிருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். ஜன்னல் போன்ற இடித்துச் செய்யும் வேலைகளை வீடு காலியாகும்வரை தள்ளிப்போடுங்கள்.

கையிலுள்ள 10 மாத வாடகையில் 3 மாதத் தொகையைத் தொடாமல் அவசரத்துக்கு வையுங்கள். மீதியில் பாதுகாப்பு வேலைகளை முழுதாக முடித்துவிட்டு, மிஞ்சுவதில்தான் சிக்கன வேலைகள். வயரிங்கை முழுவதுமாக மாற்றச் சொல்லி எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்து, பணம் போதாமல் போனால் அதற்குக் கடன் வாங்கலாம், தயங்க வேண்டாம். சோலாருக்கும் ஜன்னலுக்கும் இப்போது வேண்டாம். ஆண்டுதோறும் உங்கள் கைக்கு வரும் பலன் கடன் வட்டியைத் தாண்டும் என்று காகிதத்தில் காட்ட முடிந்தால் அன்றைக்குப் பேசலாம்.

வரி விஷயத்தில் ஒன்றை மட்டும் ஆடிட்டரிடம் கேளுங்கள். சில நாடுகளில் பழுதுபார்ப்புச் செலவை அந்த ஆண்டு வாடகை வருமானத்தில் கழிக்கலாம், மேம்பாட்டுச் செலவை அப்படிக் கழிக்க முடியாது. வேறு சில இடங்களில் செலவு எதுவானாலும் நிலையான ஒரு சதவீதம்தான் கழிவு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைத் தெரிந்துகொண்டு பில்லைப் பிரித்து வாங்குங்கள்.

சோதனை அறிக்கை, சான்று, பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் தேதியோடு ஒரு கோப்பில் இருக்கட்டும். நாளை விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் கேட்கக்கூடியவை இவைதான். சான்றின் நகல் ஒன்றைக் குடியிருப்பவருக்கும் கொடுத்து, ஆர்.சி.சி.பியில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது எப்படி அழுத்திப் பார்ப்பது என்று நேரில் காட்டிவிட்டு வாருங்கள்.